எது முடியுமுங்க?

அக்காவின் காரில் நான் முதன்முதலாக ஏறிய அன்று, வழி சொல்லும் போனிடம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிஸ்கட்டவேயில் எங்கள் ஆபீஸிலிருந்து எடிசனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நியூ ஜெர்சியில் பல சாலைகளில் இடப்பக்கம் திரும்புவதற்கு முதலில் வலப்பக்கம் ஒதுங்கி, ஒரு வளைவில் சுற்றிக்கொண்டு வந்துதான் குறுக்கே போக முடியும். போனிலிருந்த பெண்குரல் அப்படியொரு வளைவில் திரும்பச் சொன்னது. அக்கா திரும்பவில்லை.

“இல்லீங்க, அங்க ரோடு வேலை நடக்குதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

குரல் விடவில்லை. அடுத்த இடத்தில் திரும்பச் சொன்னது.

“நீங்க சொல்றது காதுல விழுகுதுங்க. ஆனா நான் நேராத்தான் போவனுங்க.”

நான் சென்னைக்காரி. எங்கள் வீட்டில் டாக்டருக்கும் ஹெட்மாஸ்டருக்கும் மட்டும்தான் ‘வாங்க, போங்க’. மற்ற எல்லாரும், அப்பா உட்பட, ‘நீ’தான். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சிரிச்சுருங்க கண்ணு. அடக்குனா இருமல் வருமுங்க,” என்றார் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்குக் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். ஐம்பதை நெருங்குகிற வயது. வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தார். எம்.காம். படித்துவிட்டு அவருடன் அமெரிக்கா வந்து, டிபெண்டன்ட் விசாவில் வேலைக்குப் போக அனுமதியில்லாமல் பல வருடங்கள் வீட்டிலேயே இருந்தவர். கிரீன் கார்டு வேலை ஒருவழியாக நகர்ந்து அனுமதி அட்டை கைக்கு வந்த வாரமே எங்கள் கம்பெனிக்கு வந்து, “கணக்குப் பாக்க ஆள் வேணுமுங்களா?” என்று கேட்டாராம். ஆள் வேண்டுமென்று யாரும் விளம்பரம் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் அவர் போகவில்லை.

நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கிற சின்னக் கருவிகளைச் செய்து விற்கும் கம்பெனி எங்களுடையது. மொத்தமே ஏழெட்டுப் பேர். முதலாளியை எல்லாரும் ‘பாஸ்’ என்றே கூப்பிடுவோம். அவரும் சென்னைக்காரர்தான். நல்ல மனுஷர், ஆனால் சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறவர்.

எங்கள் ஆபீஸ் வளாகத்தில் காட்டு வாத்துகள் உண்டு. நடுரோட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காமல் அடம்பிடிக்கும். ஒருநாள் பாஸ் காரில் இருந்தபடி ஹார்ன் அடித்து ஓய்ந்துபோயிருந்தார். பின்னால் வந்த அக்கா காரை நிறுத்திவிட்டு இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வாத்துகளிடம் போனார்.

“கொஞ்சம் வழி விடறீங்களா? எல்லாரும் வேலைக்குப் போவோணுமுங்க.”

வாத்துகள் எழுந்து போயின. தற்செயல்தான். ஆனால் அன்றிலிருந்து பாஸ் அக்காவைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

பனி கொட்டி டேகேர் மூடிய ஒருநாள் என் நான்கு வயது மகளை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா அவள் முன்னால் குனிந்து, “என்ன சாப்பிடறீங்க கண்ணு? முறுக்கு எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார். என் மகள் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை. என்னிடம் ரகசியமாக, “அம்மா, ஹூ இஸ் ஷி டாக்கிங் டு?” என்றாள்.

இந்த மரியாதையைப் பார்த்து அக்காவைச் சாது என்று நினைத்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அடிபட்டிருக்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிய குக்கரின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். திறந்த பெட்டியைத் திரும்ப வாங்க முடியாது என்று கடைப் பையன் சொன்னான். அக்கா தலையை ஆட்டினார்.

“நாட் பாசிபிள், சார்? ஓகே, சார். தென் வாட் இஸ் பாசிபிள், சார்?”

பையன் மானேஜரைக் கூப்பிட்டான். மானேஜரும் முடியாது என்றார். அக்கா அதையும் ஒப்புக்கொண்டார். “யெஸ், சார். அப்சல்யூட்லி நாட் பாசிபிள்.” பிறகு அதே கேள்வி. குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை, நின்ற இடத்திலிருந்து ஒரு அங்குலம் நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் காட்சிக்கு வைத்திருந்த குக்கரிலிருந்து மூடியை மட்டும் கழற்றிக் கொடுத்தார்கள். “தேங்க்யூ சோ மச், சார்,” என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

“முடியாதுன்னு சொல்றவங்ககிட்ட சண்டை போட்டு என்ன ஆகுமுங்க? அது முடியாதுதான். முடியறது ஒண்ணு எங்கியாவது இருக்குமில்லீங்களா, அதைத்தான் கேக்கோணும்.”

இந்த ஆயுதம் முழு பலத்தோடு வேலை செய்ததை நான் பார்த்தது ஜெர்மனி விஷயத்தில்தான்.

ஜெர்மனியில் ஒரு நகராட்சி தன் நீச்சல் குளங்களுக்காக எங்களிடம் கருவிகள் கேட்டது. முதல் ஆர்டரை அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் அனுப்புவது போல அழகான லோகோவோடு இன்வாய்ஸை பிடிஎஃப்பாக அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. அங்கே அரசாங்க அலுவலகங்களுக்கு அனுப்பும் இன்வாய்ஸ், மனிதர் படிப்பதற்கான காகிதமாகவோ படமாகவோ இருக்கக்கூடாது. மெஷின் படிக்கிற எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்க வேண்டும். அதில் எந்தத் தகவல் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதற்குச் சட்டம் மாதிரி விதிகள் இருக்கின்றன. ஒரு விதி தவறினாலும் அவர்களுடைய இணையதளம் வாங்காது.

அந்தக் கோப்பை உருவாக்கும் புரோகிராமை எழுதத்தான் பாஸ் என்னை வேலைக்கு எடுத்தார். என் எச்1பி விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவரோ என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தவர். வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் இன்னொன்று கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

தகவல் கொடுப்பது அக்கா, கோப்பாக்குவது நான். அனுப்புவதற்கு முன்னால் அதைச் சரிபார்க்கும் ஒரு மென்பொருளில் போடுவோம். அது ஜெர்மன் மொழியில் சிவப்புச் சிவப்பாகத் துப்பும். நான் தலையில் கை வைத்துக்கொள்வேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்காருவார்.

“சொல்லுங்க. இன்னிக்கு என்னங்க கொறை?”

விற்பவர் தரப்பில் தொடர்புகொள்ள ஓர் ஆளின் பெயர், போன் நம்பர், ஈமெயில் இல்லை என்பது முதல் குறை. பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “போன் நம்பருக்கு மூணு சைபர் போடும்மா. மெஷின்தானே, நம்பர் இருக்கான்னுதான் பாக்கும்,” என்றார்.

“நம்மகிட்ட போன் இருக்குதுங்களே பாஸ்,” என்றார் அக்கா. தன் பெயரையும் தன் மேஜை நம்பரையும் கொடுத்தார்.

அடுத்தது அளவு. பத்துக் கருவிகள் என்றால் பத்து என்று போட்டால் போதாது. பத்து என்ன என்று சொல்ல வேண்டும். கிலோவுக்கு ஒரு குறியீடு, லிட்டருக்கு ஒன்று. வெறும் எண்ணிக்கைக்கு, அதாவது ‘ஒன்று’ என்பதற்கு, குறியீடு ‘சி சிக்ஸ்டி டூ’. இதைக் கேட்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் சாப்பாட்டு அறையில், “எனக்கு ரெண்டு சி சிக்ஸ்டி டூ இட்லி போதுமுங்க,” என்றுதான் பேச்சு.

வரி எதுவும் இல்லை என்று போட்டோம். வரி ஏன் இல்லை என்று காரணம் கேட்டது. நான் பல்லைக் கடித்தேன். அக்காவோ, “கேக்கறது நாயந்தானுங்களே. ஒருத்தரு வரி இல்லைன்னா ஏன்னு கேக்க மாட்டாங்களா?” என்று மென்பொருள் பக்கம் பேசினார்.

ஒருநாள் சாயங்காலம் எல்லாம் பச்சையாக வந்தது. நான் எழுந்து குதித்தேன். அக்கா திரையைப் பார்த்து, “நன்றிங்க,” என்றார்.

சில வாரங்கள் கழித்து அந்த இன்வாய்ஸ் திரும்பி வந்தது. இந்தத் தடவை மெஷின் அனுப்பவில்லை, மனிதர் அனுப்பியிருந்தார். “எங்களிடம் நீச்சல் குளம் இல்லை. மரங்கள் மட்டுமே உள்ளன.”

விஷயம் இதுதான். அங்கே ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு வழி எண் உண்டு. தபாலுக்கு முகவரி மாதிரி, இன்வாய்ஸ் யாருடைய மேஜைக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். எங்களுக்கு ஆர்டரோடு வந்த எண் பழையது. குளங்கள் வேறு துறைக்கு மாறிவிட்டன; எங்கள் இன்வாய்ஸ் பூங்காத் துறைக்குப் போய், மரங்களோடு மரமாக நின்றிருக்கிறது.

பாஸ் பொறுமை இழந்தார். “போதும். ஜெர்மனியே வேணாம். ஒரு இன்வாய்ஸுக்கு இவ்ளோ டிராமாவா? கைல இருக்கற ஆர்டரோட க்ளோஸ் பண்ணிடலாம்.”

அவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. அன்று மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“காலைல ஏழு மணிக்கு வந்துருங்க. அவங்களுக்கு அப்ப மத்தியானமுங்க. சாப்பிட்டுட்டு உக்காந்திருப்பாங்க,” என்றார்.

மறுநாள் காலை ஏழுக்கு, போனை ஸ்பீக்கரில் போட்டார். பூங்காத் துறையிலிருந்து விளையாட்டுத் துறை, அங்கிருந்து வேறொரு துறை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். கடைசியாகக் கிடைத்தவர் குளங்களின் கணக்கைப் பார்க்கும் அதிகாரி. கனத்த குரல், நிறுத்தி நிறுத்திப் பேசும் இங்கிலீஷ்.

“மேடம், எண் தெரியாமல் நான் எதுவும் செய்ய முடியாது.”

“யெஸ், சார். வெரி கரெக்ட், சார். வித்தவுட் நம்பர், நத்திங். சார், ஹூ கிவ்ஸ் தி நம்பர்?”

“நான்தான்,” என்றார் அவர்.

சரியான எண் வந்தது. கோப்பை மறுபடி தயார் செய்தோம். அப்போதுதான் பெரிய சிக்கல் வந்தது.

பாஸ் பொறுமை இழப்பதற்கு முன்பே அதே நகராட்சிக்கு இரண்டாவது ஆர்டரும் போயிருந்தது. அதிலிருந்த பத்துக் கருவிகளில் ஆறுதான் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. நான்கு, ஏதோ ஒரு சான்றிதழ் போதவில்லை என்று கஸ்டம்ஸில் நின்றுவிட்டன. பாஸுக்கோ அந்த மாதமே கடனுக்காகப் பேங்கில் ஜெர்மன் இன்வாய்ஸ்கள் ஏற்கப்பட்டதைக் காட்ட வேண்டிய அவசரம். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார்.

“பத்தும் டெலிவரி ஆச்சுன்னு போன வாரத் தேதி போட்டு அனுப்பிடுங்க. நாலும் அடுத்த வாரம் போய்டும். அதுக்குள்ள யாரு எண்ணப் போறா?”

நான் கீபோர்டில் கை வைத்திருந்தேன்.

“அது பொய்,” என்றார் அக்கா.

அவ்வளவுதான். ‘பொய்ங்க’ இல்லை. ‘பொய்ங்களே’ இல்லை. ஆபீஸில் யாரோ டைப் செய்துகொண்டிருந்த சத்தம் நின்றது. பாஸின் முகம் வெளுத்தது. அறைந்திருந்தால்கூட அப்படி வெளுத்திருக்காது.

“என்ன சொன்னீங்க?”

அக்கா எழுந்து கைகழுவும் அறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாஸ் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மன்னிச்சுக்கோங்க பாஸ். சொன்னது சரிதானுங்க. சொன்ன விதந்தான் தப்புங்க. உங்களுக்கு அவசரமுன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒரு போன் போட்டுக்கறனுங்க.”

பாஸ் வேண்டாமென்று சொல்வதற்குள் போட்டுவிட்டார். அதே கனத்த குரல். அக்கா எதையும் மறைக்கவில்லை. பத்து அனுப்பினோம், ஆறு வந்திருக்கிறது, நான்கு கஸ்டம்ஸில் இருக்கிறது, எங்களுக்கு இந்த மாதமே இன்வாய்ஸ் ஏற்கப்பட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். பாஸ் இரண்டு கைகளாலும் ‘ஐயோ’ என்று தலைக்கு மேல் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

“வந்து சேராத பொருளுக்கு இன்வாய்ஸ் ஏற்க முடியாது, மேடம். நாட் பாசிபிள்.”

“யெஸ், சார். நாட் பாசிபிள், சார்.” அக்கா ஒரு மூச்சு விட்டார். “தென் வாட் இஸ் பாசிபிள், சார்?”

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் யாரிடமோ ஜெர்மனில் ஏதோ கேட்டார். அந்த ஆளும் ஏதோ சொன்னார்.

“ஆறு,” என்றார் கடைசியில். “சிக்ஸ் இஸ் பாசிபிள். ஆறுக்கு மட்டும் தனி இன்வாய்ஸ் அனுப்புங்கள். மீதி வந்த பிறகு இன்னொன்று. நான் இன்றே பார்க்கிறேன்.”

முதல் ஆர்டருக்கு ஒன்று, இந்த ஆறுக்கு ஒன்று. இரண்டையும் அன்றே அனுப்பினோம். மறுநாள் இரண்டுக்கும் ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. பேங்க்காரருக்கும் அதுவே போதுமாக இருந்தது. பாஸ் ஜெர்மனியைக் கைவிடவில்லை. அந்த அதிகாரி சொல்லி பக்கத்து ஊர்க் குளங்களும் எங்களிடம் வந்தன. என் வேலை நிலைத்தது, விசாவும் நீண்டது. பாஸ் அந்த நாளைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை. ஆனால் அக்காவின் மேஜைக்கு வரும்போதெல்லாம் அவர் வாயிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

அடுத்த வருடம் அக்காவின் வீட்டுக்காரருக்கு டெக்சஸில் வேலை மாற்றலானது. டாலஸ் பக்கம். காரிலேயே போவதென்று முடிவு. கிளம்புகிற அன்று ஆபீஸுக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். நான் பார்க்கிங்வரை கூடப் போனேன். பின் சீட்டில் கூரைவரை அட்டைப்பெட்டிகள். வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அக்கா, உங்களுக்கு எப்படிக் கோவமே வரமாட்டேங்குது?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“கோவம் வராதுன்னு யாருங்க சொன்னது? இந்த நாட்டுல எறங்குன நாள்ல இருந்து நான் கோவமாத்தானுங்க இருக்கறேன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தானுங்க. வீட்டுல சும்மா உக்கார வெச்ச விசா மேல கோவம். பாஸ் மேல தெனமும் கோவம். அந்தச் சிவப்புச் சிவப்பா வருமே, அதைப் பாத்தா கம்ப்யூட்டரத் தூக்கி ஒடச்சரலாமுன்னு கை பரபரங்குமுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அத்தைய ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன். அந்த மனுசி சாகற வரைக்கும் எங்க வீட்டுப் படி ஏறல. அப்பறந்தான் வாய்க்கு ஒரு பிரேக் போட்டனுங்க. ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசில ஒரு ‘ங்க’ போடோணும்னு நெனச்சா, அதுக்குள்ள பாதி கோவம் எறங்கிருமுங்க.”

நான் அத்தனை நாட்களையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். கடை மானேஜர், பாஸ், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இன்னிக்கு என்னங்க கொறை?” என்று கேட்ட அந்தக் குரல். பிறகு இன்னொன்று தோன்றியது.

“என் மேலயுமா அக்கா?”

“உங்க மேலயுந்தானுங்க.”

“எதுக்கு?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப ஆரம்பிச்சா டிராஃபிக்ல மாட்டிக்குவோமுங்க. நாளைக்கு போன் பண்ணுங்க. ஒண்ணொண்ணாச் சொல்றேன்.”

மறுநாள் பண்ணினேன். அவர்கள் வர்ஜீனியாவில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள், வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா உண்மையிலேயே ஒன்றொன்றாகச் சொன்னார். கடைசிக் காபியை ஊற்றிக்கொண்டு அடுத்ததைப் போடாமல் போகிறேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துப் பார்க்கிறேன். ஆபீஸ் ஏசியை யாரையும் கேட்காமல் கூட்டி வைக்கிறேன். மகள் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருக்கு மட்டும் முந்தைய நாள் சொன்னேன். ஒவ்வொன்றும் மரியாதையோடு வந்தது. ஒவ்வொன்றும் உண்மை. முதல் நான்கைந்துக்குக் காது சுட்டது. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது, அவருக்கும் வந்துவிட்டது.

“முடிஞ்சுதுங்க. இப்ப நீங்க சொல்லுங்க,” என்றார்.

“நான் என்ன சொல்றது?”

“என் மேல உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா? சும்மா சொல்லாதீங்க.”

இருந்தது. நிறையவே இருந்தது. நான் ஆரம்பித்தேன். “பெட்ரோல் போடோணும், எறங்கு, ரெஸ்ட் ரூம் போறதுன்னா போய்ட்டு வா,” என்று அவருடைய வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து சொன்னது கேட்டது. அக்கா இறங்கவில்லை.

“நீங்க போய்ட்டு வாங்க,” என்று அவரை அனுப்பிவிட்டு, என்னிடம், “அப்பறமுங்க?” என்றார்.